அகழியில் ஒரு வேட்டுவர்: பிரான்சிஸ் பெகாமகபோ

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் பாரி சவுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. 2016ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று, அந்நாடு தொல்குடி மக்கள் நாளைக் கொண்டாடியபோது, அவ்வூரில் ஆளுயர வெண்கலச் சிலை ஒன்று திறந்துவைக்கப்பட்டது. படைவீரர் ஒருவரின் சிலை அது. அவர் கையின்மேல் கழுகு ஒன்று அமர்ந்திருக்கிறது. காலடியில் கரிபூ என்னும் வடபுல மான். தோளில் நீண்ட குழலையுடைய துப்பாக்கி தொங்குகிறது. சிலைக்குரியவர் கார்ப்பரல் பிரான்சிஸ் பெகாமகபோ. முதல் உலகப்போரில் நேசநாடுகளின் பக்கம் போரிட்ட குறிசுடுவீரர்களுள் தலைசிறந்தவராகக் கருதப்படுபவர். அவர் தோளில் தொங்குவதோ, போர் நடந்துகொண்டிருக்கும்போதே கனடாப் படை ஒதுக்கிவைத்த ரோஸ் துப்பாக்கி. பல்லாயிரம் வீரர்கள் வெறுத்த படைக்கலம் இவர் ஒருவரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது.

காட்டில் கற்ற கல்வி

பெகாமகபோ 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜார்ஜியன் விரிகுடாப் பகுதியில் பிறந்தார். ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்தவர். தம்மை அனிஷினாபே என்று அழைத்துக்கொள்ளும் பெருங்குடியின் ஒரு கிளையினர் இம்மக்கள். அவர்கள் மொழியில் இவருக்கு வழங்கிய பினாஸ்வி என்னும் பெயர் காற்றைக் குறிப்பது. கனடாவின் சட்டமோ இம்மக்கள் அனைவரையும் இந்தியர் என்றே எழுதிவைத்தது. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசின் பிழையால் அமெரிக்கத் தொல்குடிகள்மேல் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அப்பெயரிலேயே அவர்களுக்கெனத் தனிச்சட்டமும், தனி அரசுத்துறையும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு முகவரும் இருந்தனர். பெகாமகபோவின் பிற்கால வாழ்க்கையை அலைக்கழித்தது இந்த ஏற்பாடே.

இவர் சிறுவராக இருந்தபோதே தந்தை இறந்தார். நோயுற்ற தாய் தம் சொந்தக் குடியிருப்புக்குத் திரும்பிவிட்டார். ஷவானாகாக் குடியிருப்பின் முதியவர் ஒருவர் இவரை வளர்த்தார். மீன்பிடித்தல், வேட்டையாடுதல், மூலிகை மருத்துவம் ஆகியவை அவ்வளர்ப்பின் பாடங்கள். ஞாயிறுதோறும் கத்தோலிக்க வழிபாடு, அதன் உடனாக முன்னோர் நம்பிக்கைகள் என இரண்டையும் இவர் வாழ்நாள் முழுவதும் ஒருசேரப் போற்றினார். பள்ளிக் கல்வியை வளர்ந்த பின்னரே, பிறர் பொருளுதவியால், முடித்தார். பின்னர்ப் பேரேரிகளில் செல்லும் கப்பல்களில் பணிபுரிந்தார்.

வேட்டுவர்க்குக் காடு கற்பிக்கும் பாடங்கள் சில உண்டு. காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று அறியாமல் அடியெடுத்து வைத்தல் ஆகாது. மான் தலைதூக்கும் கணத்தில் அசைவற்று நிற்றல் வேண்டும். ஒரு தோட்டா வீணானால் அன்றைய உணவும் வீணாகும். ஆதலின், எய்யும்முன் நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். இப்பயிற்சியோடு இருந்த இளைஞரின் முன்னேதான் 1914 ஆகஸ்டில் போர் வந்து நின்றது.

படையில் சேர்தல்

பிரித்தானியா போர் தொடுத்தபோது கனடாவும் தானாகவே போரில் இறங்கியது. தொல்குடி இளைஞர்களைப் படையில் சேர்ப்பதில் கனடா அரசு தொடக்கத்தில் தயக்கம் காட்டியது. பகைவர் அவர்களை நாகரிகப் படைவீரராக மதித்து நடத்தமாட்டார் என்று அதற்குக் காரணமும் கூறப்பட்டது. அத்தடை உறுதியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. போர் தொடங்கிய சில நாள்களிலேயே பெகாமகபோ தாமாக முன்வந்து சேர்ந்துவிட்டார். கியூபெக் நகருக்கு அருகிலுள்ள வால்கார்ட்டியர் பயிற்சி முகாமில், தம் குலச்சின்னமான கரிபூ மானைத் தம் கூடாரத்தின்மீது வரைந்துவைத்தார். ஒரே நிறச் சீருடையும் ஒரே வடிவக் கூடாரங்களும் நிறைந்த முகாமில், தாம் யார் என்பதை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. முதலாம் பட்டாலியனில் இடம்பெற்று அவ்வாண்டு அக்டோபரில் கப்பலேறினார். இங்கிலாந்தின் சேற்று நிலத்தில் குளிர்காலம் கழிந்தது. 1915 பிப்ரவரியில் அவருடைய படைப்பிரிவு பிரான்சு மண்ணை மிதித்தது. உடனிருந்த வீரர்கள் அவருடைய நீண்ட பெயரைச் சுருக்கிப் பெகி என்றழைத்தனர்.

போருக்குச் சற்று முன்னர் முதியவர் ஒருவர் அவரிடம் சிறிய மருந்துப்பை ஒன்றைத் தந்திருந்தார். பெரும் இடர் வரப்போகிறது, இதனை உடன்வைத்துக்கொள் என்பது அவருடைய அறிவுரை. அந்தப் பை சில வேளைகளில் கல்போல் இறுகியிருக்கும் என்றும், சில வேளைகளில் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் என்றும் பெகாமகபோ பிற்காலத்தில் மானிடவியல் அறிஞர் டயமண்ட் ஜென்னசிடம் கூறினார். உள்ளே இருந்தது யாதென்று அவருக்கே தெரியாது. அகழிகளில் அதனை அணிந்தே வாழ்ந்தார். காயமுற்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அது தொலைந்துபோயிற்று.

ரோஸ் துப்பாக்கி

கனடா வீரர்க்கு வழங்கப்பட்ட படைக்கலம் சர் சார்லஸ் ரோஸ் என்னும் ஸ்காட்லாந்துச் செல்வர் வடிவமைத்தது. தென்னாப்பிரிக்கப் போரின்போது பிரித்தானியாவின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைக் கனடா பெற முயன்று இயலாமற் போனதால், நாட்டிலேயே துப்பாக்கி செய்யும் எண்ணம் வலுத்தது. கியூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. சொந்த நாட்டுத் துப்பாக்கி என்னும் பெருமிதம் அதனோடு சேர்ந்துகொண்டது. படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் அதன்பால் கொண்டிருந்த பற்று பிடிவாதமாகவே வளர்ந்தது.

இதன் இயக்கத்தைச் சிறிது அறிந்துகொண்டால்தான் பின்னர் நேர்ந்த துயரம் விளங்கும். குண்டு வெளியேறியபின், வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே இழுத்துவிட்டு, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி அடைப்பது போல்ட் என்னும் இரும்புத் தண்டு. லீ-என்ஃபீல்டு போன்ற துப்பாக்கிகளில் அதன் கைப்பிடியை மேலே திருப்பி, இழுத்து, தள்ளி, மீண்டும் கீழே திருப்புதல் வேண்டும். ரோஸ் துப்பாக்கியில் திருப்ப வேண்டியதில்லை. நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். நான்கு அசைவுகள் இரண்டாகக் குறைந்தன. சுடுதிடலில் இது விரைவாக இயங்கியது. ஆனால், திருப்பும்போது கிடைக்கும் நெம்புவிசையும் அதனோடு போயிற்று. தோட்டாக் கூடு உள்ளே இறுகிக்கொண்டால் அதனை அசைத்து இளக்க வழியில்லை. முழு வலிமையும் கொண்டு இழுப்பதொன்றே வழி.

அதன் நீளம் 128 சென்டிமீட்டர். லீ-என்ஃபீல்டைவிட 15 சென்டிமீட்டர் மிகுதி. எடை ஏறத்தாழ நாலரைக் கிலோ. குறுகிய அகழியில் திரும்பும்போதெல்லாம் சுவரில் இடித்தது. கத்திமுனையைப் பொருத்திச் சுட்டால், அதிர்வில் அது கழன்று விழுவதும் உண்டு. ஐந்து தோட்டாக்களே அதன் கொள்ளளவு. லீ-என்ஃபீல்டிலோ பத்து. தோட்டா அமரும் அறை மிக நுட்பமாக, இடைவெளி சிறிதுமின்றிக் கடையப்பட்டிருந்தது. அளவு பிசகாத தோட்டாக்களே அதற்கு ஏற்றவை. போர்க்கால அவசரத்தில் பிரித்தானியத் தொழிற்சாலைகள் செய்து குவித்த தோட்டாக்கள் அத்தகைய ஒழுங்கு உடையனவல்ல.

ஈப்பர்

1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு வடக்கே ஜெர்மானியர் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டனர். மஞ்சள் கலந்த பச்சைநிற மேகம் காற்றோடு தவழ்ந்துவந்து அகழிகளுள் இறங்கியது. பிரெஞ்சுப் படையின் அணி உடைந்தது. அங்கே தோன்றிய பெரும் இடைவெளியை அடைக்கும் பொறுப்பு கனடாவின் முதலாம் டிவிஷன்மேல் விழுந்தது. மறுநாள் காலை, முதலாம் பட்டாலியனும் நான்காம் பட்டாலியனும் மாசர் மேட்டை நோக்கித் திறந்தவெளியில் முன்னேறின. சில நாள்களுக்குள் லாகூர் டிவிஷனின் இந்திய வீரர்களும் அதே களத்திற்கு வந்து சேர்ந்தனர். அப்போரில் கனடாப் படை இழந்தவர்களும் காயமுற்றவர்களும் 6,000க்கு மேற்பட்டோர்.

அங்கேதான் ரோஸ் துப்பாக்கி தன் குறையை முழுமையாக வெளிப்படுத்தியது. விரைந்து விரைந்து சுட்டபோது குழல் சூடேறியது. தோட்டாக்கள் இறுகிக்கொண்டன. சேறும் மணலும் புகுந்த போல்ட் நகர மறுத்தது. போல்ட்டின் பற்கள் பின்புறத் தடையில் மோதி மோதி மழுங்கியதும் ஒரு காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. நச்சுப்புகையில் மூச்சுத் திணறிய வீரர்கள், பகைவர் நெருங்கிவரும் வேளையில், துப்பாக்கியைத் தரையில் ஊன்றிப் போல்ட்டைக் காலணியால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. உயிர்தப்பிய 5,000 பேரில் 1,400க்கு மேற்பட்டோர் தம் ரோஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, வீழ்ந்துகிடந்த பிரித்தானிய வீரரின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தனர். படைவீரன் தனக்கு வழங்கப்பட்ட படைக்கலத்தைக் கைவிடுதல் தண்டனைக்குரிய குற்றம். அத்தனை பேர் அதனைச் செய்தனர் என்பதே துப்பாக்கியின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. 1915 ஜூனில் முதலாம் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு வழங்கப்பட்டது. எஞ்சிய டிவிஷன்கள் 1916 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமைச்சர் ஹியூஸ் பதவி இழந்தார்.

ஆயினும் குறிசுடுவீரர்கள் மட்டும் ரோஸ் துப்பாக்கியை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. இதில் முரண் ஏதுமில்லை. அவர்கள் நிமிடத்திற்குப் பதினைந்து முறை சுடுபவர்கள் அல்லர். ஒரு நாளில் ஒருமுறை சுடுதலும் உண்டு, சுடாமலே திரும்புதலும் உண்டு. ஆதலின் குழல் சூடேறுவதில்லை. தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்துகொள்ள நேரமிருந்தது. சேறு படாமல் துணிசுற்றிக் காக்கவும், நாள்தோறும் துடைத்து எண்ணெயிடவும் பொறுமையிருந்தது. இத்தகையோர் கையில் அதன் நீண்ட குழலும் நுட்பமான அறையும் குறைகளாகா. தொலைவிலுள்ள இலக்கைப் பிசகாமல் எட்டவைக்கும் சிறப்புகளாகும். கூட்டத்திற்கு உதவாத கருவி, காத்திருக்கத் தெரிந்த தனிமனிதனுக்கு உதவியது. பெகாமகபோ காத்திருக்கக் கற்றவர்.

இரு அகழிகளுக்கிடையே

குறிசுடுவீரரின் பணி இரவில் தொடங்கும். இருதரப்பு அகழிகளுக்கும் இடையே முள்கம்பியும் குண்டுக்குழிகளும் நிறைந்த, யாருக்கும் உரியதல்லாத நிலம் இருந்தது. இருளில் அங்கே ஊர்ந்துசென்று மறைவிடம் அமைத்துக்கொள்ள வேண்டும். பொழுது விடிந்தபின் அசைய இயலாது. மழை பெய்தாலும், உடல் மரத்துப்போனாலும், மாலை இருளும்வரை அப்படியே கிடத்தல் வேண்டும். ஒரு குண்டு புறப்பட்டவுடன் அத்திசை நோக்கிப் பகைவரின் பீரங்கியே திரும்பக்கூடும். இவ்வாழ்க்கையைப் பெகாமகபோ ஏறத்தாழப் போர்க்காலம் முழுவதும் வாழ்ந்தார். 1916இல் சொம் போரில் இடக்காலில் காயமுற்றார். ஆறியவுடன் தம் பட்டாலியனுக்கே மீண்டார்.

பகைவர் 378 பேரை அவர் வீழ்த்தினார் என்றும் 300 பேரைச் சிறைப்பிடித்தார் என்றும் கூறப்படுகிறது. நூல்கள் பலவும் அவ்வெண்களைத் தருகின்றன. ஆனால், அவருக்கு வழங்கப்பட்ட பதக்கங்களின் சான்றுரைகளில் இவ்வெண்கள் இல்லை. கொன்றவர்களின் கணக்கிற்காக அவர் ஒருமுறையும் பாராட்டப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவர் பெற்ற மூன்று சிறப்புகளும் தம்மவரைக் காத்ததற்காகக் கிடைத்தவை.

முதலாவது, ஈப்பர், ஃபெஸ்டுபெர், கிவான்ஷி ஆகிய களங்களில் குண்டுமழைக்கிடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தமைக்காக வழங்கப்பட்ட மிலிட்டரி மெடல். இரண்டாவது, 1917 நவம்பரில் பாசன்டேல் போரில் ஆற்றிய பணிக்காக அப்பதக்கத்தின்மேல் சேர்க்கப்பட்ட பட்டை. பாசன்டேல், மழையும் பீரங்கியும் சேர்ந்து கடலாக்கிய சேற்றுநிலம். வழி தவறி மரப்பலகையிலிருந்து கால் வழுக்கியவர்கள் சேற்றில் மூழ்கி மாண்டனர். அங்கே அவர் இருபுறத்துப் படைகளோடும் தொடர்பு அறாமல் காத்தார். மாற்றுப்படை வந்து இருளில் குழம்பித் திகைத்தபோது, அதனை உரிய இடத்திற்கு வழிநடத்திச் சென்றார். காட்டில் தடம் அறிந்தவருக்குக் களத்திலும் தடம் தெரிந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி 1918 ஆகஸ்டு 30 அன்று, பிரான்சின் ஸ்கார்ப் போரில் நேர்ந்தது. அவருடைய கம்பெனி ஒரு காவலிடத்தில் ஏறத்தாழச் சூழப்பட்டுவிட்டது. தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. துப்பாக்கி எத்துணைச் சிறந்ததாயினும் தோட்டா இல்லையேல் அது வெறும் இரும்பும் மரமுமே. எந்திரத் துப்பாக்கிகள் இடைவிடாது சுட்டுக்கொண்டிருக்க, பெகாமகபோ அகழியிலிருந்து வெளியேறித் திறந்தவெளிக்குச் சென்றார். தேவையான தோட்டாக்களைத் திரட்டிக்கொண்டு திரும்பினார். காவலிடம் நிலைத்தது, பகைவரின் எதிர்த்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. இதற்காக இரண்டாம் பட்டை வழங்கப்பட்டது. கனடாப் படையினருள் மிலிட்டரி மெடலோடு இரு பட்டைகளும் பெற்றோர் 39 பேரே.

ஊர் திரும்பிய பின்

1919இல் பெகாமகபோ தாயகம் மீண்டார். நான்கு ஆண்டுப் போரில் அவருடைய நுரையீரல் பெரிதும் பழுதுற்றிருந்தது. ஈவா நானிபுஷ் என்பாரை மணந்து பாரி தீவுக் குடியிருப்பில் வாழத் தொடங்கினார். உள்ளூர்த் துணைப்படையிலும் தொடர்ந்து பணியாற்றினார்.

களத்தில் அவர் சொன்ன சொல்லை நம்பி அதிகாரிகள் படைகளை நகர்த்தினர். ஊரிலோ, சொந்தக் குடியிருப்பின் பொருட்டுக் கடிதம் எழுதுவதற்கும் முகவர் ஒருவரின் இசைவு தேவைப்பட்டது. போர்வீரர்க்கு நிலமும் கடனும் அளிக்கும் திட்டத்தை அரசு வகுத்திருந்தது. தொல்குடி வீரர்களின் விண்ணப்பமோ முகவரின் கைவழியேதான் செல்ல வேண்டும். பெகாமகபோ வேண்டிய கடன் கிடைக்கவில்லை. 1917இல், போர்க்களத்தில் இருந்தபோது, படைவீரர் என்ற முறையில் தொல்குடியினரும் வாக்களிக்கச் சட்டம் இடந்தந்தது.  

1921இல் பாரி தீவு மக்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1925 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1933 முதல் 1936 வரை குடியிருப்பு மன்ற உறுப்பினராகவும் விளங்கினார். ஜார்ஜியன் விரிகுடாவின் தீவுகள் தம் மக்களுக்கே உரியவை என்னும் வழக்கை அவர் விடாது எடுத்துரைத்தார். தலைநகருக்கு மடல்மேல் மடல் எழுதினார். தொல்குடியினர் நில உரிமை வழக்குக்காக இசைவின்றிப் பணம் திரட்டுவதையே 1927ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குற்றமாக்கியது. 1933இல் மற்றோர் ஆணை வந்தது. குடித்தலைவர்கள் அரசுத்துறைக்கு நேரடியாக எழுதலாகாது, முகவர் வழியாகவே எழுதுதல் வேண்டும் என்பது அது. யார்மேல் முறையிட வேண்டுமோ அவர் கையிலேயே முறையீட்டைக் கொடுக்கச் சொல்லும் விதி இது. பெகாமகபோ அதற்குப் பணியவில்லை. முகவரோடு அவருக்கு இருந்த பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. பிடிவாதக்காரர், எளிதில் சினங்கொள்பவர் என்ற பெயரும் அவருக்கு ஏற்பட்டது. தம் சொந்த மக்களுள்ளும் அவரோடு மாறுபட்டவர்கள் இருந்தனர்.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது நோபெல் என்னும் ஊரின் அருகிலிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் காவலராகப் பணியேற்றார். 1943இல், தொல்குடியினர் தமக்கெனத் தொடக்கக்காலத்தில் அமைத்துக்கொண்ட அமைப்புகளுள் ஒன்றான தன்னுரிமைத் தொல்குடி அரசு என்பதன் உயர்தலைவரானார். நாட்டின் பல பகுதிகளிலுமிருந்த குடிகளை ஒன்றுசேர்க்கும் அம்முயற்சியில் அவர் பெரிதும் உழைத்தார்.

இறுதி ஆண்டுகளில் படுத்து உறங்க அவரால் இயலவில்லை. படுத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைத்தது. ஆதலின் நாற்காலியில் அமர்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். 1952 ஆகஸ்டு 5 அன்று பாரி தீவில் காலமானார். சட்டநிலையை இழக்காமலே கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கனடாவின் தொல்குடியினர்க்கு 1960இல் கிடைத்தது. அவருடைய பதக்கங்களையும் அவர் குடித்தலைவராக அணிந்த தலையணியையும் குடும்பத்தார் 2003இல் கனடாப் போர் அருங்காட்சியகத்திற்கு வழங்கினர்.